காயாத கறுப்பு

ஜூன் 6

ஜன்னல் திரையை நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டியாயிற்று. அப்படியும் ஒரு விரல்கடை இடுக்கில் வெளிச்சம் புகுந்து, நேராக என் தலையணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த வடகோடிக் கடற்கரையில் கோடைக்கு இரவு கிடையாது. சூரியன் கடலில் கால் நனைத்துவிட்டு எழுந்துவிடுகிறது, முழுக்குப் போடுவதில்லை. பறவைகள் விடிய விடியக் கத்துகின்றன. விடிய விடிய என்று எழுதுகிறேன் பார், விடிய வேண்டுமென்றால் முதலில் இருட்ட வேண்டாமா?

வந்ததிலிருந்து ஒரு கோடுகூட இழுக்கவில்லை. "இடம் மாறினா கை தானா வரும்க்கா" என்று தம்பிதான் தள்ளிவிட்டான். அவன் வாய்க்கு என்ன, சொல்லிவிடும். மூன்று வருடமாக வராத கை இது. அக்டோபரில் பெரிய ஓவியக் கூடத்தில் எனக்குத் தனிக்காட்சி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். இந்தத் தடவையும் வெறுங்கையோடு போய் நின்றால் நான் ஓவியர் என்பதை நானே மறந்துவிட வேண்டியதுதான்.

வீட்டுக்கார அக்கா சலவைத் தொழில் செய்கிறார். சுற்றுவட்டார விடுதிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் இங்கேதான் வருகின்றன. கீழே துவைக்கும் அறை, அடுக்களை, இஸ்திரி மேசை. மேலே என் அறை. பின்பக்கம் கடல்வரை கொடிக்கயிறு. வெள்ளை விரிப்புகள் காற்றில் நிமிர்ந்து நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கிறது. முதல் நாள் நான் ஒன்றை விலக்கிப் பார்த்தே விட்டேன். பைத்தியக்காரி.

ஜூன் 8

அக்கா இன்று ஒரு விதி சொன்னார். "எந்தக் கதவ வேணும்னாலும் பூட்டிக்கோம்மா. கடல் பக்கத்துக் கதவ மட்டும் பூட்டாத."

ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

அவர் வீட்டுக்காரர் ஒன்பது வருடத்துக்கு முன்னால் கடலில் நண்டு பிடிக்கப் போட்ட கூடுகளைத் தூக்கப் போனாராம். படகு மட்டும் தானாகக் கரைக்கு வந்தது. ஆள் வரவில்லை. மகள் நகரத்தில் இருக்கிறாள். கூட வந்துவிடு என்று மாசத்துக்கொரு தடவை சண்டை போடுகிறாள். "எப்படிப் போறது? அவர்ல ஏதாவது ஒண்ணு என் கைக்கு வரட்டும். மண்ணுல வச்சுட்டு, அந்தக் கதவப் பூட்டிட்டு, மறுநாளே கெளம்பிடுவேன்" என்றார். துணி மடிப்பதை நிறுத்தாமலே சொன்னார். எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தலையணை உறையை எடுத்துத் தப்பும் தவறுமாக மடித்தேன்; அவர் அதை வாங்கி மறுபடி மடித்தார்.

ஜூன் 11

கடற்கரை என்னைக் கெடுத்துவிடும் போலிருக்கிறது. கரைச்சரிவில் சிவப்பு மண், வெயிலில் வேக வைத்த மாதிரி. பாறையில் மஞ்சள் பாசி. கிளிஞ்சலை இடித்தால் வெள்ளை. என் வழக்கம் அதுதானே — கிடைத்ததை அரைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, அதே இடத்தை அதனாலேயே வரைவது. டியூப் பெயின்டைத் தொட்டு எத்தனையோ காலமாகிறது. எல்லாம் கிடைத்தது, கறுப்பு மட்டும் இல்லை. கட்டையை எரித்துப் பார்த்தேன், நீலம் பாய்கிறது. இருட்டே இல்லாத ஊருக்கு வந்து இருட்டைத் தேடுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூன் 13

எலும்புக் கரி! எப்படி மறந்தேன்? எலும்பைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துச் சுட்டால் சாம்பலாகாது, கறுத்துவிடும். கறுப்பிலேயே ஆழமான கறுப்பு அதுதான். கரையில் பறவை எலும்பு, ஆட்டு எலும்பு, இன்னும் என்னென்னவோ கிடக்கின்றன.

கரையில் இருந்த படகுக்காரர் ஒருவரைக் கேட்டேன். ஊரில் அவருக்கு வானொலி என்று பெயர். ஒரு முறை திறந்தால் மூட முடியாது. "தாராளமா பொறுக்குங்க ஓவியரம்மா. ஆனா ஒண்ணு, கடல்நாய் எலும்பப் பாத்து பயந்துடாதீங்க. அதோட துடுப்புல சதையெல்லாம் போச்சுன்னா அச்சு அசல் மனுஷக் கைதான். அஞ்சு வெரலும் இருக்கும். ஒரு தடவ ஒரு டூரிஸ்ட் அலறிப் புடைச்சுப் போலீசையே கூட்டிட்டு வந்துட்டார். போலீஸ்காரர் சிரிச்ச சிரிப்புல அவர் கையில இருந்த டீ பூராவும் என் சட்டையில." இதைச் சொல்லி அவரே மறுபடி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜூன் 15

தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருந்தது. கரை கடலுக்குள் நீண்டிருக்கும் முனையைத் தாண்டிப் போனேன். போன குளிர்காலத்தில் அங்கே பாறை சரிந்ததாக வானொலி சொல்லியிருந்தார். சரிந்த கற்களுக்குப் பின்னால் ஒரு பொந்து, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே காற்று இல்லை, பறவைச் சத்தம் இல்லை, காதை யாரோ பொத்தியதுபோல. இந்த ஊரில் முதன்முதலாக நான் பார்த்த இருட்டு அது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

கூழாங்கல்லுக்கு நடுவே எலும்புகள். உப்பில் ஊறி, பழுப்பேறி, கனமாக. ஒரு நீளமான எலும்பும், சின்னச் சின்னதாக ஒரு பிடியும் எடுத்தேன். சின்னவற்றை உள்ளங்கையில் பரப்பியபோது திக்கென்றது — விரல்கள். அடுத்த நொடியே வானொலியின் டீ கதை நினைவுக்கு வந்து வாய்விட்டுச் சிரித்தேன். பொந்துக்குள் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக முடிந்தது.

பக்கத்தில் ஒரு உலோகப் பட்டை கிடந்தது. விரல் நீளம், வரிசையாக ஓட்டை, துரு கொஞ்சமும் இல்லை. ஏதோ படகுச் சாமான். ஒட்டிக்கொண்டிருந்த திருகாணிகளைக் குறடால் கழற்றி எறிந்தேன். கண்ணாடிப் பலகையில் வண்ணம் வழித்தெடுக்க இதைவிடத் தோதான தகடு கிடைக்காது.

ஜூன் 16

பிஸ்கட் டப்பாவில் எலும்பை அடைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, துவைக்கும் அறை அடுப்பில் வைத்தேன். அக்கா சந்தைக்குப் போயிருந்த நேரம். நாற்றம் தாங்கவில்லை, ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டேன். மாலையில் டப்பா ஆறியதும் உடைத்தேன்.

அடேயப்பா. இப்படி ஒரு கறுப்பை என் ஆயுசில் பார்த்ததில்லை. உரலில் இட்டு இடித்து, எண்ணெய் விட்டு, அந்தத் தகட்டால் வழித்து வழித்து அரைத்தேன். கடையில் கிடைக்கும் கறுப்பு வெளிச்சத்தை மறைக்கும். இது வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது.

ஜூன் 17

வரைகிறேன்.

ஜூன் 20

மூன்று நாளாக எழுத நேரமில்லை, சாப்பிட நேரமில்லை. கை வந்துவிட்டது! தம்பி நீ சொன்னது சரிடா, போ. பெரிய கான்வாஸ், சுவரில் நேராக ஆணி அடித்திருக்கிறேன். மேலே கோடை வானம், சிவப்பு மண்ணும் பாசி மஞ்சளும். கீழ்ப்பாதி முழுக்கக் கடல், முழுக்கக் கறுப்பு. நான் நினைப்பதற்கு முன்னாலேயே பிரஷ் போய்விடுகிறது. அலையின் வளைவு எங்கே உடைய வேண்டும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கைக்குத் தெரிகிறது. நான் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லை.

துண்டு, தலையணை உறை, கதவுப்பிடி எல்லாம் கறுப்பு. அக்காவிடம் நல்ல வசவு கிடைத்தது. "கறையெடுக்கறதே என் பொழப்பு. காப்பி, ரத்தம், மை, எது வேணும்னாலும் கொண்டா. இது என்னம்மா கறுப்பு, மூணு கொதி போட்டும் போக மாட்டேங்குது?" அந்த உறையைத் தூக்கிப் போடாமல் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். நாளைக்கு வேறு மருந்து போட்டுப் பார்ப்பாராம்.

ஜூன் 23

கறுப்பு காயவில்லை. எலும்புக் கரி தாமதமாகத்தான் காயும், தெரிந்ததுதான். ஆனால் மேலே வானம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகிவிட்டது. கடல் மட்டும் அப்படியே ஈரம். கிட்டப் போனால் உப்பு வாசனை அடிக்கிறது. எண்ணெயில் ஏது உப்பு?

ஒரு புது விருந்தாளி: கிழவன். இந்த வீட்டு நாய். வயதாகி, இடுப்பு விழுந்து, சாப்பாட்டுக்கு மட்டும் எழுகிற ஜீவன். இன்று மாடிப்படி ஏறி வந்து, படத்துக்கு அடியில் படுத்துக்கொண்டது. எலும்பு வாசனை, வேறென்ன. விரட்டப் போன என் வலது கையில் முகவாயை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. இடது கையை நீட்டினேன். திரும்பியும் பார்க்கவில்லை.

ஜூன் 25

நாயைத் தேடி அக்கா மேலே வந்தார். படத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் ஏதோ சொல்லப் போனேன், கையமர்த்தினார். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். இஸ்திரி போட வேண்டிய மலை கீழே குவிந்து கிடக்கிறது, அவர் எழவில்லை.

"நல்லா இருக்கான்னு கேக்காத. எனக்குப் படம் பாக்கத் தெரியாது. இங்க உக்காந்தா மனசு அடங்குது. அவ்ளோதான்."

போகும்போது வாசலில் திரும்பிப் பார்த்து ஒரு தலையசைப்பு. என்னைப் பார்த்து இல்லை.

ஜூன் 26

அக்கா வந்தார், உட்கார்ந்தார், போனார்.

ஜூன் 28

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

காற்று பலமாக அடித்துக் கொடிக்கயிறு அறுந்துவிட்டது. ஈர விரிப்பெல்லாம் மண்ணில் புரளப் போனது. நான் ஓடிப் போய்க் கயிற்றின் இரு முனையையும் பிடித்துக் கட்டினேன். கட்டிவிட்டு நிமிர்ந்தால் அக்கா கையிலிருந்த கிளிப்புகள் எல்லாம் தரையில்.

"இந்த முடிச்ச யாரு சொல்லிக்குடுத்தா?"

பார்த்தேன். எனக்கு ஷூ லேஸே ஒழுங்காகக் கட்ட வராது; நடக்கும்போது அவிழ்ந்துவிடும் என்று தம்பி கேலி செய்வான். கயிற்றில் இருந்தது அப்படிப்பட்ட முடிச்சு இல்லை. உள்ளே மூன்று சுற்று, ஒன்று தலைகீழாக, அழுத்தமாக, சின்னதாக.

வானொலி வந்து இழுத்துப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தும் அசையவில்லை. "இது இவங்க வீட்டுக்காரரோட முடிச்சு" என்றார். "எங்க யாருக்கும் வராது. கத்துக்குடுய்யான்னா, கைக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாதும்பாரு." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வானொலி நின்று போனதை இன்றுதான் பார்த்தேன்.

எங்கேயாவது பழைய வலையில் பார்த்திருப்பேன் என்றேன். அக்கா தலையாட்டினார். அவர் முகத்தில் பயம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூலை 1

தம்பிக்குப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன். "யக்கா, என்ன பண்ணி வச்சிருக்க நீ! இதுதான் கூடத்துல நடுச்சுவர். இது ஒண்ணு போதும், நீ திரும்ப வந்துட்டன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா போன்ல பாக்கவே ஒரு மாதிரி இருக்குக்கா. கீழ யாரோ இருக்காங்களா?" என்றான். யாரும் இல்லை என்றேன். நான் யாரையும் வரையவில்லை.

ஜூலை 4

பாறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. அக்கா அடுக்களையில் உட்கார வைத்து எண்ணெய் போட்டு நீவிவிட்டார். என்ன பிடி! அம்மா அப்பா என்று கத்தினேன்.

"இதுக்கே இப்படியா? எங்க வீட்டுக்காரர் கணுக்கால் மேல எலும்பு ரெண்டா ஒடஞ்சுது. தகடு வச்சுத் திருகாணி போட்டாங்க. எக்ஸ்ரேயில பாத்தேன், வரிசையா ஏழு ஓட்ட, காலுக்குத் தோதா ஒரு ஓரம் லேசா வளைச்சு. மழை வரப்போகுதுன்னா மொதல்ல அந்தத் தகடுக்குத்தான் தெரியும். வானிலை அறிக்கைய ஆஃப் பண்ணு, என் கால் சொல்லும்பாரு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மாடிப்படி எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

கண்ணாடிப் பலகை மேல் அது கிடக்கிறது. கறுப்பு அப்பியிருக்கிறது. துடைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று… ஏழு. ஒரு ஓரம் லேசாக வளைந்திருக்கிறது.

ஜூலை 5

இல்லை. படகுச் சாமானிலும் ஓட்டை இருக்கும். ஏழு ஓட்டை உள்ள தகடு உலகத்தில் ஒன்றுதானா?

கை கழுவினேன். கழுவினேன். கழுவினேன்.

ஜூலை 6

நொண்டிக்கொண்டே பொந்துக்குப் போனேன். நேரில் பார்த்துவிட்டால் கடல்நாய்தான் என்று தெரிந்துவிடும், நிம்மதியாகத் தூங்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கூழாங்கல்லைக் கையால் விலக்கினேன். இன்னும் எலும்புகள். அதற்குக் கீழே ரப்பர் பூட்ஸின் அடிப்பாகம், குதிகால் ஒரு பக்கம் தேய்ந்தது, காலைச் சாய்த்து நடக்கிறவருடையது.

கடல்நாய் பூட்ஸ் போடாது.

ஐயோ. நான் என்ன பண்ணிட்டேன்? அவரோட கையை — கையைத்தானே எடுத்தேன், சின்னச் சின்ன எலும்பு, உள்ளங்கையில பரப்பிப் பாத்து சிரிச்சேனே — சுட்டு, இடிச்சு, அவரோட கால் தகட்டாலேயே வழிச்சு வழிச்சு… அந்தம்மா தினம் வந்து எதிர்ல உக்காந்தாங்களே. அவங்களுக்குத் தெரியாமலேயே தெரிஞ்சிருக்கு. நாய்க்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல.

ஜூலை 7

தகட்டை ஒரு சாக்ஸுக்குள் போட்டுப் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறேன். திருடி மாதிரி.

சொல்லாவிட்டால் என்ன? அக்காவுக்கு ஒன்றும் குறையப் போவதில்லை, இத்தனை வருடம் இருந்தது போலவே இருப்பார். கதவு திறந்தே இருக்கும். படம் நடுச்சுவரில் தொங்கும். இதை எழுதும்போதே என்மேல் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். முழுவதும் கேட்டான். பிறகு, "விடுக்கா. தெரிஞ்சா செஞ்ச? யாருக்குத் தெரியப் போவுது? அந்தம்மாவுக்கு இனிமே தெரிஞ்சு என்ன ஆகப் போவுது? கெளம்பி வா." என் நல்லதுக்குத்தான் சொல்கிறான். நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததையே அவன் வாயால் கேட்டபோதுதான் எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டேன்.

கீழே கடல்பக்கக் கதவு காற்றில் திறந்து திறந்து மூடிக்கொள்கிறது. தினமும்தான் அடிக்கிறது. இன்று ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் படியில் நின்று பார்க்கிறேன்.

ஜூலை 8

சொல்லிவிட்டேன்.

அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தகட்டை விரிப்பின் மேல் வைத்தேன்.  அவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே பார்த்தார். பெட்டியை வைத்தார். தகட்டை எடுத்து, ஓட்டை ஓட்டையாகச் சுண்டுவிரல் நுனியை விட்டுப் பார்த்தார்.

"எங்க?"

பொந்தைச் சொன்னேன்.

"மத்தது?"

கொஞ்சம் அங்கேயே இருக்கிறது என்றேன். கொஞ்சம்… மேலே கை காட்டினேன். மாடியை. டப்பா, அடுப்பு, உரல், எல்லாவற்றையும் சொன்னேன். கடல்நாய் என்று நினைத்ததையும் சொன்னேன்; சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருந்தது! விரிப்பு கருகும் நாற்றம் வந்தது. பெட்டியை அதன் மேலேயே வைத்திருந்தார். அவர் கையில் ஒரு துணி கருகி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஒன்பது வருஷம் நான் தேடினேன்" என்றார். குரல் உயரவில்லை. "நீ ஒரே மாசத்துல எடுத்து அரைச்சுட்ட."

பிறகு மாடிக்குப் போனார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அழுகைச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. பேச்சுக் குரல்தான் கேட்டது, மெதுவாக, விட்டு விட்டு, ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தவரிடம் வீட்டு விஷயம் சொல்வது போல.

ஜூலை 10

போலீசார் வந்தார்கள். பொந்திலிருந்து மிச்சத்தை எடுத்துப் போனார்கள். தகட்டின் அடியில் நுணுக்கமாக ஒரு எண் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அதை வைத்து ஆஸ்பத்திரியில் கேட்பார்களாம். என்னிடம் ஒரு அதிகாரி கேள்வி கேட்டார். எல்லாம் கேட்டு முடித்து, "அதுதானா?" என்று படத்தைக் காட்டினார். ஆமாம் என்றேன். கிட்டப் போய்ப் பார்த்தவர், இரண்டு எட்டு பின்வாங்கித் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை போலும், மறுபடி போட்டுக்கொண்டார்.

கறுப்புப் பொடி மிச்சமிருந்த குப்பியை அக்கா வாங்கிக்கொண்டார்.

ஜூலை 15

அக்கா பேசுவதில்லை. என்னைப் போகவும் சொல்லவில்லை. என் தட்டு மட்டும் மேசையில் வைக்கப்படுவதில்லை. நியாயம்தானே. என் தட்டை நானே கழுவி, நானே எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 22

பிரஷைத் தொடவில்லை. ஆனால் வலது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தால் மேலங்கி நாடாவில் அந்த முடிச்சு. போர்வை ஓரத்தில் அந்த முடிச்சு. காலையில் எழுந்தால் தலைமுடியில்.

ஜூலை 30

உறுதியாகிவிட்டது, அவர்தான். எலும்புகளையும் தகட்டையும் போலீசார் திருப்பித் தந்துவிட்டார்கள். மகள் வந்திருக்கிறாள். அம்மாவைப் போலவே நீளமான கைகள். என்னை முறைப்பாள் என்று நினைத்தேன். அவள் படத்தின் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, "கடலுக்குப் போயிட்டு வந்த அப்பா வாசனை" என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் அக்கா என் அறை வாசலில் நின்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "இதக் கொண்டு போயி எல்லாருக்கும் காட்டப் போறியா?"

என் வாழ்நாளிலேயே நான் வரைந்ததில் இதுதான் சிறந்தது. இனி இப்படி ஒன்று வராது, அதுவும் தெரியும். ஒரு நிமிஷம் கொடுக்க மனசு வரவில்லை. அதை இங்கேயாவது மறைக்காமல் எழுத வேண்டும்.

"இது உங்களுதுக்கா" என்றேன். குறடை எடுத்து முதல் ஆணியைப் பிடுங்கினேன்.

ஆகஸ்ட் 2

இன்று அடக்கம்.

காலையில் கான்வாஸை அக்கா துவைத்த வெள்ளை விரிப்பில் கிடத்தி, கறுப்பு உள்ளே போகும்படி சுருட்டினோம். அப்போதும் காயவில்லை. குப்பியில் இருந்த பொடி, கறை போகாத அந்தத் தலையணை உறை, தகடு, எல்லாம் சுருளுக்குள். அக்கா கொடிக்கயிற்றில் ஒரு துண்டு அறுத்து என்னிடம் நீட்டினார்.

"அந்த முடிச்சப் போடு."

போட்டேன். நான் பார்க்கவே தேவையில்லை. விரல்கள் தாமாகப் போட்டு முடித்தன.

சுருளை எலும்புகளோடு சவப்பெட்டியில் வைத்தோம். அதைச் சுமக்க வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். வானொலி முதல் ஆளாக நின்றார். நான் ஒதுங்கினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். துவைக்கும் அறைக்கு இழுத்துப் போனார். ஒரு பேசினில் வெந்நீர், சோப்பு, நகம் தேய்க்கும் பிரஷ், கறையெடுக்கும் மருந்து, எல்லாம் தயாராக இருந்தன.

"கையக் காட்டு."

காட்டினேன். நகக்கண்ணில், விரல் ரேகையில், பெருவிரல் வெடிப்பில், எத்தனை முறை கழுவியும் போகாத கறுப்பு. அவர் ஒவ்வொரு விரலாக எடுத்துத் தேய்த்தார். ஊசி முனையால் நகத்தடியில் இருந்ததை வழித்துத் தண்ணீரில் உதறினார். வலித்தது, நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூன்று கொதி போட்டும் போகாதது இன்று போனது, தண்ணீர் மெல்ல மெல்லக் கறுத்தது.

"கொஞ்சங்கூட விடக் கூடாது" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. "முழுசாப் போகணும்."

அப்போதுதான் அழுதார். என் கையை விடாமல், அந்தத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மன்னிச்சுடுங்கக்கா என்றேன்.  துண்டால் என் இரண்டு கையையும் துடைத்துவிட்டார், இடுக்கு விடாமல், பிள்ளைக்குத் துடைப்பது போல.

பேசினை அவரே சுமந்து வந்தார். வழியில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. பெட்டி குழிக்குள் இறங்கியதும் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.

ஆகஸ்ட் 16

இருட்டிவிட்டது! திரையின் ஆணிகளைப் பிடுங்கிப் பார்த்தேன், ஒரு நட்சத்திரம். கொஞ்ச நேரம்தான் நின்றது. ஆனாலும் நிஜமான இருட்டு.

அக்கா நாளை மகளோடு கிளம்புகிறார், நாயையும் கூட்டிக்கொண்டு. சாப்பாட்டு மேசையில் இன்று என் தட்டும் இருந்தது. "ரொட்டி ஆறிடுச்சு, சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்ட பிறகு எழுந்து போய்க் கடல்பக்கக் கதவைப் பூட்டினார். சாவி லேசில் திரும்பவில்லை, எண்ணெய் போட வேண்டியிருந்தது. பூட்டிவிட்டு ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். கிழவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அதன் மூக்கருகே என் வலது கையை நீட்டினேன். மோந்து பார்த்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டது.

தம்பியிடம் கூடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அவன் திட்டவில்லை. "வேற ஏதாவது வரைவக்கா" என்றான். வரைவேனா? அந்தக் கடலை வரைந்தது எந்தக் கை?

மாடிக்கு வந்து, வண்ணத்துக்காகச் சேர்த்த மண் மூட்டைகளைக் கட்ட உட்கார்ந்தேன். அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே மூன்று சுற்று, அதற்கப்புறம்? தலைகீழாக எது? இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் அவிழ்ந்து கயிறு மடியில் விழுந்தது. பிறகு எனக்குத் தெரிந்த முடிச்சையே போட்டேன். அதுவும் நிற்கவில்லை.

பெட்டியைத் துழாவியதில் ஒரு பென்சில் அகப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே மங்கலில் கொடிக்கயிற்றுக் கம்பம், விரிப்பு எதுவும் இல்லாத கயிறு. வரைந்தேன். கோடு நடுங்கிக் கோணலாகப் போனது, கம்பம் சாய்ந்துவிட்டது. அழிக்காமல் அடுத்த கோட்டையும் போட்டேன்.